அலைச்சலை மிச்சப்படுத்தும் வேலை

சேலம் மாவட்டத்து இளம்பிள்ளையில் விசைத்தறிச் சேலை விற்கும் கடை ஒன்றின் வாட்ஸ்அப்பைத் திறந்தால், வேறு வேறு ஊர்க்காரர்கள் ஒரே மாதிரிதான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். "அக்கா, இந்தச் சேலை இருக்கா?" "ரேட் என்னங்க?" "சிங்கிள் பீஸ் குடுப்பீங்களா?" "எத்தனை நாள்ல வந்து சேரும்?" "ஞாயித்துக்கிழமை கடை உண்டா?" சமூக ஊடகத்தில் வேலை என்றதும் பலருக்கும் கேமரா முன்னால் நின்று பேசுகிறவரின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. மாதாமாதம் கையில் பணம் வருகிற வேலையோ பெரும்பாலும் இந்த ஐந்து கேள்விகளைச் சுற்றியே இருக்கிறது. இவற்றுக்குச் சீக்கிரமாக, சரியாக, இன்னொரு முறை கேட்க வேண்டாத அளவுக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஆளைக் கடைக்காரர்கள் விடமாட்டார்கள்.

இணையத்தால் அன்றாட வாழ்க்கையில் விளைந்த பெரிய நன்மை எது என்று கேட்டால், அலைச்சல் குறைந்தது என்றுதான் சொல்வேன். பட்டா, சிட்டா பார்க்கத் தாலுகா ஆபீஸ் போக வேண்டியதில்லை. வட்டம், கிராமம், புல எண் தெரிந்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறைத் தளத்தில் காசில்லாமல் பார்வையிடலாம்; சான்றிட்ட நகல் வேண்டுமென்றால்தான் கட்டணம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்டு பில்லை வரிசையில் நிற்காமல் கட்டிவிடலாம். அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் இருக்கும் ஓட்டுநர் உரிமத்தையும் ஆர்.சி.யையும் அசலுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

ஆனால் ஒரு சின்ன விவரம் விட்டுப்போனால் அந்த அலைச்சல் மறுபடி வாசலில் வந்து நிற்கும். தட்கல் டிக்கெட் ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆதார் சரிபார்த்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு இருந்தால்தான் இணையத்தில் தட்கல் எடுக்கலாம் என்று 2025 ஜூலையில் வந்த மாற்றம் தெரியாதவர், 10 மணிக்கு உட்கார்ந்தும் வெறுங்கையோடு எழுந்திருக்க வேண்டியதுதான். கடையின் பக்கமும் இப்படித்தான். ஒரு விவரம் குறைந்தால் வாடிக்கையாளர் அலைவார், அல்லது அடுத்த கடைக்குப் போவார். இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர் தன் வீட்டு வேலைகளை இணையத்தில் முடிக்கும்போது எங்கெல்லாம் தடுக்கி விழுகிறார் என்று கவனிப்பது நல்ல பாடம். வாடிக்கையாளர்களும் அதே இடங்களில்தான் விழுகிறார்கள்.

முதல் வாரத்தில் ரீல் எடுக்காதீர்கள்

புதிதாக ஒரு கடையின் சமூக ஊடக வேலையை ஏற்றுக்கொண்டதும் பலர் செய்கிற பிழை, அன்றைக்கே வீடியோ எடுக்கக் கிளம்புவது. முதலில் கூகுள் வரைபடத்தில் கடை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இளம்பிள்ளை மாதிரி பக்கத்துப் பக்கத்தில் சேலைக் கடைகள் இருக்கும் ஊரில் குறியீடு முப்பது அடி தள்ளியிருந்தால் போதும், ஈரோட்டிலிருந்து வந்தவர் அடுத்த கடைக்குள் நுழைந்துவிடுவார்.

கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கடையின் பெயர், பெயர்ப் பலகையில் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். பெயரோடு 'மொத்த விலை சேலைகள், சேலம் நம்பர் ஒன்' என்று ஒட்டவைத்தால் தேடலில் மேலே வரலாம் என்று செய்கிறார்கள்; யாராவது புகார் செய்தாலோ கூகுளே கண்டுபிடித்தாலோ பக்கம் முடங்கும், அதை மீட்க நடையாய் நடக்க வேண்டியிருக்கும். உரிமையைச் சரிபார்க்க இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெருவும் பக்கத்துக் கட்டடங்களும் தெரிய ஆரம்பித்து, பெயர்ப் பலகையைக் காட்டி, கடையைச் சாவியால் திறந்து உள்ளே போய், பில் புத்தகத்தையோ ஜிஎஸ்டி சான்றையோ காட்டி முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தாத ஒரே வீடியோவாக இருக்க வேண்டும், வெட்டி ஒட்டியது செல்லாது. கடை நேரத்தோடு பண்டிகை விடுமுறையையும் தனியாகப் பதியுங்கள். தீபாவளிக்கு மறுநாள் பூட்டிய கடை வாசலில் நின்றவர் எழுதும் ஒற்றை நட்சத்திர விமர்சனத்தை எந்த ரீலும் அழிக்காது.

அடுத்து, சரக்கு விவரம். ஒவ்வொரு ரகத்துக்கும் நீளம் (சேலை 5.5 மீட்டர், ரவிக்கைத் துணி 80 சென்டிமீட்டர் என்பதுபோல), துணி என்ன, ஜரிகை என்ன, ஒரு சேலை விலை, மொத்த விலைக்குக் குறைந்தது எத்தனை எடுக்க வேண்டும், தண்ணீரில் துவைக்கலாமா என்று ஒரு தாளில் கடைக்காரரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அரை நாள் பிடிக்கும். அந்தத் தாள்தான் பிறகு வாட்ஸ்அப் கேட்டலாக், ரீலின் குறிப்பு (கேப்ஷன்), தயார்ப் பதில்கள் எல்லாமாக மாறும்.

துணியின் பெயரில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். 'சாஃப்ட் சில்க்' என்ற பெயரில் விற்பவற்றில் பல பட்டே கலக்காத செயற்கை இழைகள். சந்தையில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது, உள்ளூரில் வாங்குபவருக்கும் தெரியும். வீடியோவைப் பார்க்கும் வெளியூர்ப் பெண்ணுக்குத் தெரியாமல் போகலாம். குறிப்பில் 'செயற்கைப் பட்டு' என்ற ஒரு வார்த்தையைச் சேர்ப்பதால் விற்பனை குறையாது; திருப்பி அனுப்பும் பார்சல் குறையும். அசல் பட்டுக்குச் சில்க் மார்க் முத்திரை இருக்கிறது, அது இல்லாத துணியைப் 'பட்டு' என்று மொட்டையாக எழுத வேண்டாம்.

நிறமும் எழுத்தும்

சேலை வியாபாரத்தில் வரும் புகாரில் பெரிய பங்கு, நிறம் வேறாக வந்துவிட்டது என்பது. கடையின் வெள்ளை எல்.ஈ.டி. விளக்கில் அரக்கு நிறம் மெரூனாகவும் மயில்கழுத்து நிறம் வெறும் நீலமாகவும் தெரியும். செல்போன் கேமரா ஒவ்வொரு நொடியும் வெளிச்சத்தையும் நிறத்தையும் தானே சரிசெய்துகொண்டிருப்பதால், ஒரே வீடியோவில் முந்தானைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம் என்று ஆகிவிடும். திரையில் சேலைமேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோக்கஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும், பிறகு எடுங்கள். முடிந்தவரை காலை பத்து மணி வாக்கில், நேர்வெயில் படாத வாசல் வெளிச்சத்தில் எடுப்பது நல்லது. விளக்கில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதைக் கவனியுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; கேமராவின் ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு வினாடிக்கு வைத்தால் அந்தப் பட்டைகள் மறையும். ஃபேனை அணைத்துவிட்டுப் பேசுங்கள். மைக் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் ஃபேன் காற்று அதில் மோதினால் பேச்சு கேட்காது.

எடுத்த வீடியோவை எடிட்டருக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கி, நெசவின் நுணுக்கமெல்லாம் மங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும். அல்லது கூகுள் டிரைவில் ஏற்றுங்கள், 15 ஜிபி இலவசம். ஒரு நிமிட 1080 பி வீடியோ போனின் அமைப்பைப் பொறுத்து ஏறக்குறைய 60 முதல் 130 எம்பி இருக்கும் என்று கணக்கு வைத்தால், ஒரு வேலைநாளுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று தெரிந்துவிடும்.

விலையையும் போன் நம்பரையும் ரீலின் அடியில் எழுதுவது மிகப் பரவலான பிழை. அங்கேதான் இன்ஸ்டாகிராம் தன் குறிப்பையும் கணக்குப் பெயரையும் போர்த்துகிறது. ரீல் விளம்பரங்களுக்கு மேலே 14 சதவீதமும் கீழே 35 சதவீதமும் காலியாக விடச் சொல்கிறது இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா. எழுத வேண்டியதை நடுப்பகுதியில் எழுதுங்கள்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். அச்சகப் பழக்கத்தில் வந்த வடிவமைப்பாளர்கள் பலர் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டுகிறார்கள். படத்துக்குள் அது அழகாகவே இருக்கும். அதே வரியை நகலெடுத்துக் குறிப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும், எந்தத் தேடலிலும் அகப்படாது. குறிப்பும் தலைப்பும், எல்லாப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில்தான் இருக்க வேண்டும். யூனிகோடை ஃபோட்டோஷாப்பில் ஒட்டும்போது 'கொ', 'கெ' எல்லாம் உடைந்து, கொம்பு இடம் மாறி நிற்பதைப் பார்த்துப் பலர் பாமினிக்கே திரும்பிவிடுகிறார்கள். குறை எழுத்துருவில் இல்லை, எழுத்தைக் கோக்கும் அமைப்பில் இருக்கிறது. ஃபோட்டோஷாப்பின் விருப்ப அமைப்புகளில் 'டைப்' பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை (புதிய பதிப்புகளில் இதன் பெயர் 'வேர்ல்ட் ரெடி') இயக்கிவிட்டுப் புதிய கோப்பைத் திறந்தால் சரியாகிவிடும். வீடியோ வெட்டும் பிரீமியரிலும் இதே போன்ற தேர்வு உண்டு. இந்த ஒரு விஷயம் தெரிந்திருப்பதற்காகவே தமிழ் எடிட்டர்களுக்கு வேலை கிடைக்கிறது.

குறிப்பில் 'சேலை', 'புடவை' இரண்டும் வரட்டும். சேலத்துக்காரர் ஒன்றைத் தேடுவார், சென்னைக்காரர் இன்னொன்றை. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுகிறவர்களும் ஏராளம், அவர்களுக்காக ஒரு வரி.

வாட்ஸ்அப்தான் கல்லாப்பெட்டி

ரீல் பார்த்தவர் வந்து சேரும் இடம் இதுதான், பணம் மாறுவதும் இங்கேதான். சொந்த எண்ணில் கலந்துகட்டி நடத்தாமல், கடைக்காரர் பெயரில் தனி சிம் வாங்கி வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போடுங்கள். கேட்டலாக்கில் 500 பொருள் வரை ஏற்றலாம். 'குயிக் ரிப்ளை' வசதியில் அந்த ஐந்து கேள்விகளுக்கும் பதிலை எழுதி வைத்தால், ஒரு சாய்கோடும் ஒரு சொல்லும் தட்டினால் முழுப் பதிலும் வந்து நிற்கும். லேபிள்களை 'பணம் வரணும்', 'பணம் வந்தது', 'பார்சல் போட்டாச்சு', 'புகார்' என்று நான்கோடு நிறுத்திக்கொள்ளலாம். இருபது வைத்தால் யாரும் மாற்ற மாட்டார்கள், மாற்றாத லேபிள் இல்லாத லேபிளைவிட மோசம்.

புதுச் சரக்கு வந்ததும் எல்லோருக்கும் அனுப்ப பிராட்காஸ்ட் பட்டியல் உண்டு, ஒன்றில் 256 பேர். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். "நம்பரை சேவ் பண்ணிக்கங்க" என்று எல்லாச் சேலைக் கடை வீடியோவிலும் கெஞ்சுவதன் காரணம் இதுதான். ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் அனுப்பித் தருவதாக விற்கப்படும் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள். எண்ணையே வாட்ஸ்அப் தடை செய்துவிட்டால், பல வருட வாடிக்கையாளர் தொடர்பும் ஒரே நாளில் அறுந்துபோகும்.

பணம் வாங்கும் இடத்தில்தான் ஏமாற்று அதிகம். பணம் அனுப்பியதுபோல் ஸ்கிரீன்ஷாட் தயாரித்துத் தர செயலிகளே இருக்கின்றன. ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பார்சல் போடக் கூடாது. யூபிஐ பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் 12 இலக்க எண் உண்டு. அதைக் கடையின் வங்கிக் கணக்கில் வந்த வரவோடு ஒப்பிட்ட பிறகே 'பணம் வந்தது' லேபிள். இன்னொரு வகை: "உங்களுக்குப் பணம் அனுப்பணும், இந்த க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணி பின் நம்பர போடுங்க" என்று வரும். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தட்டத் தேவையே இல்லை, தட்டச் சொன்னால் அது உங்கள் பணம் வெளியே போகிற வழி. போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

திருப்பி எடுக்கும் விதியை முதல் பதிலிலேயே சொல்லிவிடுங்கள். சேதம் என்றால் பார்சல் பிரிக்கும் வீடியோ வேண்டும், ஒட்டு கிழிப்பதிலிருந்து நிறுத்தாமல் எடுத்திருக்க வேண்டும் என்பது இந்த வியாபாரத்தில் நிலைத்துவிட்ட வழக்கம். வாங்கிய பிறகு சொன்னால் சண்டை. திருப்தியான வாடிக்கையாளர் அனுப்பிய செய்தியை ஸ்டேட்டஸில் போடும்போது அவர் எண்ணையும் பெயரையும் முகவரியையும் மறைக்க வேண்டும், அதற்கு முன் அவரிடம் கேட்கவும் வேண்டும்.

விளம்பரக் கணக்கு

பணம் கட்டிப் பதிவைப் பலருக்குக் காட்டும் 'பூஸ்ட்' பொத்தானை அழுத்துவது விளம்பரம் செய்வதில் மிகச் சிறிய பகுதி. ஒரு உதாரணக் கணக்கைப் பாருங்கள். நாளைக்கு 300 ரூபாய், பத்து நாள்: 3,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 540, ஆக 3,540 ரூபாய். வாட்ஸ்அப்புக்கு 60 செய்தி வந்தது என்றால் ஒன்றுக்கு 59 ரூபாய். கடைக்காரர் இதைக் கேட்டு மகிழ்ந்துபோவார். அறுபதில் ஒன்பது பேர்தான் வாங்கினார்கள் என்றால் ஒரு ஆர்டருக்கு 393 ரூபாய் செலவு. சேலைக்கு லாபம் 150 என்றால் ஒவ்வொரு விற்பனையிலும் 243 ரூபாய் கையைவிட்டுப் போகிறது.

இதை மறைத்து 'ஐம்பதாயிரம் பேர் பார்த்தார்கள்' என்று மட்டும் அறிக்கை தருவது, என் பார்வையில், இந்தத் தொழிலின் பெரிய நேர்மைக்கேடு. அந்த ஒன்பது பேரில் இரண்டு பேர் வீட்டிலிருந்து மறுவிற்பனை செய்யும் பெண்கள் என்றால் கணக்கே மாறும். அவர்கள் மாதாமாதம் பத்து பத்தாக எடுப்பார்கள். அதனால் விளம்பரத்தைச் சில்லறை வாங்குபவருக்கும் ரீசெல்லருக்கும் தனித்தனியாக நடத்தி, மூன்று மாதத்தில் ஒவ்வொருவரும் எவ்வளவு வாங்கினார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். ஆயிரம் ரூபாய் செலவழிப்பதற்குள் வாங்கியவர் யார், வெறுமனே கேட்டவர் யார் என்று பிரித்தெழுதும் பழக்கம் வந்துவிட வேண்டும். சாதாரண எக்செல் தாள் போதும்.

செய்தி வந்த ஐந்து நிமிடத்தில் பதில் போகாவிட்டால் அந்த 59 ரூபாயும் வீண்தான். இரவு ஒன்பதுக்குப் பிறகு, வீட்டு வேலை முடிந்து பெண்கள் போனை எடுக்கும் நேரத்தில் விளம்பரம் ஓடி, பதில் சொல்ல ஆள் காலை பத்துக்கு வருகிறார் என்றால் விளம்பர நேரத்தை மாற்றுங்கள், அல்லது ஆளின் நேரத்தை.

இன்னொரு வழி, வீடியோ போடுபவராகவே வாழ்வது. யூடியூப் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும். நீள வீடியோ விளம்பரத்தில் 55 சதவீதம் உங்களுக்கு. 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை பிடித்தம். நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்த பங்கில் மட்டும், இந்தியாவில் இருப்பவருக்கு 15 சதவீதம். இத்தனைக்கும் இந்த வருமானம் மாதத்துக்கு மாதம் குதிக்கும். இதை மட்டும் நம்பி வாடகை வீடு பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகள் தடைசெய்யப்பட்டபோது, அங்கே மட்டுமே ஆள் சேர்த்திருந்தவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. ரசிகரோ வாடிக்கையாளரோ, அவர்களோடு தொடர்பு கொள்ள ஓர் எண் பட்டியல் உங்கள் கையில் தனியாக இருக்க வேண்டும்.

கடைகளிடம் பணமோ சேலையோ வாங்கிக்கொண்டு வீடியோ போடுகிறவர்கள் அதை 'விளம்பரம்' என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அதுவும் வீடியோவின் மொழியிலேயே. தமிழ் வீடியோவில் ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஆங்கிலத்தில் ஒளித்து வைப்பது போதாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை.

சாவி யாரிடம், சம்பளம் எவ்வளவு

கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குவது இருதரப்புக்கும் ஆபத்து. மெட்டா பிசினஸ் சூட்டில் உங்கள் கணக்கைச் சேர்த்து, பதிவு போட, செய்திக்குப் பதில் சொல்ல, விளம்பரம் நடத்த மட்டும் அனுமதி தரச் சொல்லுங்கள். முழு அதிகாரம் கடைக்காரரிடமும் அவர் வீட்டில் இன்னொருவரிடமும் இருக்கட்டும். ஒரு போன் தொலைந்தாலும் பக்கம் தொலையாது. இருபடிச் சரிபார்ப்பைப் போட்டு, மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்துக் கடையின் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். 'உங்கள் பக்கம் காப்புரிமை மீறியது, 24 மணி நேரத்தில் முடக்கப்படும்' என்று வரும் செய்தியில் உள்ள இணைப்பைத் தொட்டுப் பறிபோன பக்கங்கள் ஏராளம். உண்மையான எச்சரிக்கை செயலிக்குள் கணக்கின் நிலை காட்டும் பகுதியில் இருக்கும், அங்கே இல்லையென்றால் பொய்.

சம்பளத்தை ரீல் எண்ணிக்கையில் பேசாதீர்கள், மணிக்கணக்கில் போடுங்கள். மாதம் 12 ரீல், ஒன்றுக்கு எடுக்க, வெட்ட, எழுத மூன்று மணி நேரம்: 36. பதில் சொல்ல நாளுக்கு ஒரு மணி, 26 நாள்: 26. விளம்பரமும் அறிக்கையும்: 4. மொத்தம் 66 மணி. 8,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால் மணிக்கு 121 ரூபாய். அதில் உங்கள் டேட்டாவும் பெட்ரோலும் அடங்கும். பதில் சொல்லும் நேரம் எதிலிருந்து எதுவரை, திருத்தம் எத்தனை முறை, விளம்பரப் பணம் யார் கார்டிலிருந்து என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். விளம்பரப் பணத்தை உங்கள் கார்டிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது வேண்டவே வேண்டாம். மனக்கசப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. வாட்ஸ்அப் பதில்களுக்குக் கடையின் போனையும் தூக்கி வராதீர்கள். நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம், உங்கள் மடிக்கணினியை அதில் ஒன்றாக இணைத்துக்கொள்ளுங்கள். முதன்மைப் போனை 14 நாள் திறக்காமல் விட்டால் இணைப்பு அறுந்துவிடும் என்பதைக் கடைக்காரருக்குச் சொல்லி வையுங்கள்.

ஒரு கடையை விட்டு விலகும் நாளில் அசல் வீடியோக்கள் உள்ள டிரைவ் கோப்புறை, ரக விவரத் தாள், லேபிள் வாரியான நிலுவை ஆர்டர்கள், விளம்பரக் கணக்குத் தாள் நான்கையும் ஒப்படையுங்கள். பிறகு கடைக்காரரின் போனில் இணைத்த சாதனங்களின் பட்டியலை அவர் கையாலேயே திறக்கச் சொல்லி, உங்கள் மடிக்கணினியின் பெயருக்கு நேராக 'வெளியேறு' என்பதை அவரையே தொடச் சொல்லிவிட்டு வாருங்கள்.